மப்பு கட்டி மூணு வாரம் ஆச்சு: நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

இன்றோடு 22 நாள். வெயில் தலைகாட்டவே இல்லை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை என்றால்கூடப் பரவாயில்லை. காலையில் தூறல், மதியம் நசநசப்பு, ராத்திரி மறுபடி தூறல். வானம் ஈயப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி அப்படியே கிடக்கிறது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன் நான். முதல் வாரம் ஜாலியாகத்தான் போனது. இரண்டாவது வாரத்தில் அலாரம் அடித்தால் கை தானாகப் போய் அணைத்தது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. இரண்டு வரி மெயில் எழுத முக்கால் மணி நேரம். வீட்டில் யாராவது "என்ன ஆச்சு?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே எரிச்சல். சோம்பேறி ஆகிவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை ஒரு செடித்தொட்டியை எங்கே வைக்கலாம் என்று பார்க்க, மொபைலில் வெளிச்சம் அளக்கிற ஆப் ஒன்றைப் போட்டேன். நான் வேலை பார்க்கிற மேசையில் 85 லக்ஸ். வெளியே பார்க்க என்ன இருக்கிறது என்று திரைச்சீலையை இழுத்தே வைத்திருந்தேன். டியூப்லைட்டைப் போட்டால் 190. திரையை விலக்கி ஜன்னலோரம் வைத்தால் 700. அப்புறம் சும்மா பால்கனியின் விளிம்புக்குப் போய்க் கையை நீட்டினேன். 6,400. அதே இருண்ட வானத்தின் கீழேதான். ஆப் கோளாறு என்று மூடித் திறந்து இன்னொரு முறை பார்த்தேன், பெரிய வித்தியாசமில்லை.

மேசைக்கும் பால்கனிக்கும் பன்னிரண்டு அடிதான். எழுபத்தைந்து மடங்கு வெளிச்சம். கண்ணுக்கு இது தெரியவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் கண் உடனுக்குடன் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. "உள்ளேயும் மங்கல், வெளியேயும் மங்கல்" என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செடியை என் மேசையில் வைத்திருந்தால் ஒரு மாதத்தில் பழுத்துப் போயிருக்கும். நான் மூன்று வாரமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? என்ன செய்தீர்கள்? "பாசிட்டிவாக இருங்கள்" மட்டும் வேண்டாம், கும்பிடுகிறேன்.

*

தம்பி, நீங்கள் அளந்தது சரிதான். ஆப் துல்லியமாக இருக்காது, ஆனால் மடங்குக் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் வரும். உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். மேகம் மூடின பகலிலும் சில ஆயிரம் இருக்கும். நாம் "நல்லா வெளிச்சமா இருக்கு" என்று சொல்கிற அறையில் 500 இருந்தாலே அதிகம்.

கண் பரிசோதனைக்கூடம் ஒன்றில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். காட்சியைப் பார்க்கிற செல்கள் போக, விழித்திரையில் இன்னொரு வகை உண்டு. மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிற செல்கள். உருவம், நிறம் பற்றி அவற்றுக்கு அவ்வளவு கவலையில்லை. வெளியே எவ்வளவு வெளிச்சம் என்பதை மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதுதான் அவற்றின் பெரிய வேலை. பார்வை முழுக்கப் போன சிலருக்குக்கூட கண்ணில் ஒளி பட்டால் மெலடோனின், அதாவது ராத்திரி ஆகிவிட்டது என்று உடம்புக்குச் சொல்கிற ஹார்மோன், குறைகிறது என்று 1995இலேயே காட்டிவிட்டார்கள். அந்தச் செல்கள் அவர்களிடம் மிச்சம் இருந்ததால்தான் அது நடந்தது.

காலையில் இந்தச் சேதி போகாவிட்டால் உடம்பு ராத்திரியை இழுத்துக்கொண்டே போகும். உங்கள் அலாரம் கதை அதுதான். சோம்பலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஒரு மழைக்காலத்தில் என்னை ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் உள்ளே போனால் இருட்டின பிறகுதான் வெளியே வருவேன். பத்தாவது நாள், பேனா மூடியைக் காணோம் என்று கூட வேலை செய்கிற பெண்ணிடம் கத்திவிட்டு, கழிவறையில் போய் அழுதேன். பேனா மூடிக்கு! மறுநாளிலிருந்து வேலைக்கு இருபது நிமிஷம் முன்னாலேயே போய், வாசல் படிக்கட்டில் கூரை முடிகிற இடத்தில் நின்றேன். யாரும் கேட்டால் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொன்னேன். ஒரு வாரத்தில் தூக்கம் சரியானது. கோபம் குறைய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது. அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன், அது படிக்கட்டில் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

*

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனா என்னைப் படுத்துறது ஈரம்!

ரெண்டு பிள்ளைங்க. துணி காயவே இல்லை. படுக்கையறையிலயே கொடி கட்டிக் காயப்போட்டேன். காலையில எழுந்தா மூக்கடைப்பு, தலைபாரம், அந்த ஈர வீச்சம். பீரோவைத் திறந்தா பெல்ட்டு மேல வெள்ளையா பூஞ்சணம். மனசு சரியில்லைன்னு நினைச்சது பாதி அந்த வாடைதான்னு பிறகுதான் புரிஞ்சது. வாஷிங் மெஷின்ல துவைச்ச ஒரு தடவைத் துணியிலேருந்து ரெண்டு லிட்டர் தண்ணி வரைக்கும் அறைக் காத்துல கலக்குமாம். நாலு பேர் மூச்சுவிடுற ரூம்ல அதையும் சேர்த்து வச்சிருந்தேன்.

இப்ப ரெண்டாவது தடவை ஸ்பின் போடுறேன். துணி எல்லாம் ஒரே அறையில, கதவு சாத்தி, ஜன்னல் கொஞ்சம் திறந்து, ஃபேன் நேரா துணி மேல. பீரோவைச் சுவரிலேருந்து நாலு விரல் தள்ளிப் போட்டாச்சு. ஈரப்பதம் காட்டுற சின்னக் கருவி ஒண்ணு வாங்கினேன். முதல் நாள் 84 சதவீதம். 60-க்குக் கீழே இருந்தா பூஞ்சணம் ஏறாதுன்றாங்க. எனக்கு இன்னும் 66-க்குக் கீழே இறங்கினதில்லை, ஆனா தலைபாரம் போயிடுச்சு.

பிள்ளைங்களுக்கு ரெயின்கோட் மாட்டி அரை மணி நேரம் வெளிய விட்டுடுறேன். உள்ளே கூப்பிட்டு வர்றதுதான் பாடு.

*

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை லேசாக எடுத்துக்கொண்டதில் எனக்கு இரண்டு வருஷம் போனது.

வேலைக்காக வடக்கே ஒரு நாட்டுக்குப் போனேன். டிசம்பரில் பகல் ஏழு மணி நேரம்தான், அதுவும் மழையும் மூட்டமும். முதல் வருஷம் ஊர் ஞாபகம் என்று நினைத்தேன். இரண்டாவது வருஷமும் அதே நவம்பரில் அதே மாதிரி ஆரம்பித்தது: பன்னிரண்டு மணி நேரத் தூக்கம், ஓயாத பசி, யாரோடும் பேச்சில்லை. மார்ச்சில் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி சரியானது. மூன்றாவது வருஷம்தான் மருத்துவரிடம் போனேன். பருவகால மனச்சோர்வு என்றார். நார்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர் 1984இல் இதைப் பெயரிட்டு விவரித்தார். அவரே தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர், குளிர்காலத்தில் தனக்கே சுருதி இறங்குவதைக் கவனித்தவர். இதைக் கேட்டதும் எனக்கு ஏனோ பெரிய ஆறுதல்.

மருத்துவர் 10,000 லக்ஸ் விளக்கு ஒன்றை, காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் வைக்கச் சொன்னார். நான் செய்த கூத்தைக் கேளுங்கள். காலையில் நேரமில்லை என்று ராத்திரி எட்டு மணிக்கு வைத்தேன். மூன்று மணி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். சரி, காலைக்கு மாற்றினேன், ஆனால் கண் கூசுகிறது என்று அறையின் அந்த மூலையில் வைத்தேன். பெட்டியில் எழுதியிருக்கிற 10,000 என்பது ஒன்றரை, இரண்டு அடி தூரத்துக்குத்தான். தூரம் கூடக்கூட மளமளவென்று குறையும். மூன்று வாரம் சும்மா ஒரு அழகான விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பக்கத்தில், சற்றே ஓரமாக வைத்து, அதை உற்றுப் பார்க்காமல் பேப்பர் படிக்க ஆரம்பித்த பிறகு, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, குளிக்கும்போது பாடிக்கொண்டிருந்தேன். நானே திடுக்கிட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. மனம் ஒரேயடியாக ஏறி இறங்குகிற இருதுருவக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த விளக்கைத் தொடக்கூடாது. தூக்கமே வேண்டாத அளவுக்குத் தூக்கிவிட்டுவிடும். விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் அப்படியே. இன்னொன்று: விளக்கோடு நிறுத்தாதீர்கள். எனக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 177 பேரை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அந்தக் குளிர்காலத்தில் விளக்கும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உதவின. ஆனால் இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தால் விளக்குக்காரர்களில் 46 சதவீதம் பேருக்கு மறுபடி வந்திருந்தது, பேச்சுவழி போனவர்களில் 27. "வானம் இருட்டினால் என் நாளும் முடிந்தது" என்று மனசு போடுகிற கணக்கை உடைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அது விளக்கில் வராது.

தம்பி, உங்களுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது, அநேகமாக என் வகை இல்லை. ஆனால் எதிலும் பிடிப்பே இல்லாமல் நாள் முழுக்க இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, செத்துப்போனால் தேவலை என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தாலோ, லக்ஸ் அளந்துகொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

*

எனக்கு இந்தப் புலம்பலே புரியல, கோவிச்சுக்காதீங்க. கரண்ட் கம்பி வேலை எனக்கு. மழைன்னாதான் எங்களுக்கு வேலையே. காலையில ஆறரைக்குக் கோட்டை மாட்டினா சாயங்காலம்தான் கழட்டுறது. மூடு, கீடு எல்லாம் ஒண்ணும் வந்ததில்ல. படுத்தா கட்டை மாதிரி தூக்கம்.

இதை என் பொண்ணுகிட்ட சொன்னேன். "அப்பா, நீங்க நாள் முழுக்க வெளியதானே நிக்கிறீங்க, அவங்க சொல்றதும் அதைத்தானே"ன்னு சிரிக்குது. அதுவும் சரிதான் போல.

எங்க கஷ்டம் காலுதான். ஷூவுக்குள்ள தண்ணி போயி விரல் இடுக்கெல்லாம் வெந்து போயிடும். ஒரு ஜோடி காஞ்ச சாக்ஸைப் பிளாஸ்டிக் பையில சுத்தி வச்சிருப்பேன், மத்தியானம் துடைச்சிட்டு மாத்திடுவேன். இன்னொண்ணு: வெளிச்சம் பிடிக்கப் போறேன்னு இடி இடிக்கும்போது மொட்டை மாடியில போய் நிக்காதீங்கப்பா. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிச்சுப் போங்க.

*

71 வயது. மழை வந்தால் முழங்கால்தான் எனக்கு முதலில் சொல்லும். மனப்பிரமை என்று மகன் சொல்லுவான். ஈரப்பதம் ஏறி, காற்றழுத்தம் இறங்குகிற நாளில் மூட்டுவலி கொஞ்சம் கூடுகிறது என்று மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2019இல் சொன்னதைப் படித்துக் காட்டினேன். "கொஞ்சம்தானே" என்றான்.

நார்வேயில் ருயூகான் என்று ஒரு ஊர். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை ஊருக்குள் சூரியன் விழாது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை வைத்து, கம்ப்யூட்டரால் திருப்பி, வெயிலை ஊர்ச் சதுக்கத்துக்கு இறக்கினார்கள். எல்லோரும் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் நடந்தது: 1928இலேயே அங்கே ஒரு ரோப்கார் போட்டிருக்கிறார்கள், ஜனங்கள் மேலே ஏறிப் போய் வெயிலைப் பார்த்துவிட்டு இறங்கி வருவதற்காக.

எனக்கு ரோப்கார் என் பழைய நண்பன்தான். மழையோ இல்லையோ காலை ஏழேகாலுக்குப் போன் பண்ணுவான். இரண்டு பேரும் அவரவர் வீட்டு வராந்தாவில் நின்றுதான் பேச வேண்டும் என்பது ஒப்பந்தம். உட்கார்ந்து பேசினால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவான்.

*

கேள்வி கேட்டவன்தான். ஒன்பது நாள் கழித்து வருகிறேன்.

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, மருத்துவர் பற்றிச் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன், மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மேசையை ஜன்னலுக்கு நகர்த்திவிட்டேன். காலையில் இருபத்தைந்து நிமிஷம் குடையோடு நடை. இதில் ஒரு கண்டுபிடிப்பு: என் கறுப்புக் குடையின் கீழே அளந்தால் 1,900தான்! தலைக்கு மேலே இருக்கிற வானத்தை மொத்தமாக மறைத்துவிடுகிறது. குடையைப் பின்னால் சாய்த்தால் 4,300, கூடவே முகத்தில் சாரல். தெருவில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக் குடை ஒன்று இப்போது வாங்கியிருக்கிறேன், சின்னப் பிள்ளைகள் பிடிக்கிற மாதிரி.

ஒன்பதில் இரண்டு நாள் போகவில்லை, படுத்தே கிடந்தேன். மற்ற ஏழு நாளும் பத்தரைக்குள் வேலை ஓட ஆரம்பித்தது. பழைய வேகம் இன்னும் இல்லை. ஆனால் போன் அடித்தால் எடுக்கிறேன்.

நேற்று மதியம் ஒரு பத்து நிமிஷம் வெயில் அடித்ததாம். நான் மீட்டிங்கில் இருந்தேன், திரையில் யாரோ ஸ்லைடு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முடித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி தூறல். பால்கனியில் செடி மட்டும் அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.