கிணற்று நீரில் நைட்ரைட்: சுற்றுக்குச் சுற்று உச்சம் குறைகிறது

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
எம்.எஸ்ஸி. கடைசி வருடம். எங்கள் தோப்புக் கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பதினைந்தடிதான் இடைவெளி. பாட்டி இன்னும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். தொழுவக் கழிவு ஊறினால் நீரில் நைட்ரைட் சேரலாம்; அதனால்தான் ப்ராஜெக்டுக்கு அதை அளக்கும் மின்வேதி சென்சாரை எடுத்தேன்.

கிராஃபீன் ஆக்சைடை ஹம்மர்ஸ் முறையில் (கிராஃபைட்டை அமிலத்திலும் பெர்மாங்கனேட்டிலும் ஆக்சிஜனேற்றுவது) செய்தேன். ஐஸ் தொட்டியில் வைத்து, 20 டிகிரி தாண்டாமல், பெர்மாங்கனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். கடைசியில் பெராக்சைடு ஊற்றியதும் நல்ல மஞ்சள் வந்தது. அமிலம் போகக் கழுவவே நான்கு நாள் ஆயிற்று. அப்புறம் அதோடு துத்தநாக ஆக்சைடு சேர, துத்தநாக அசிட்டேட்டும் காரமும் போட்டு ஆட்டோகிளேவில் (மூடிய அழுத்தக் கலத்தில்) 180 டிகிரி, 12 மணி நேரம். 3 மி.மீ. கிளாஸி கார்பன் மின்முனை மேல் அந்தக் கலவையை 5 மைக்ரோலிட்டர் சொட்டி, நாஃபியான் என்ற பாலிமர் படலம் பூசினேன். பஃபர் அசிட்டேட், பி.எச். 4.

மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி ஓட்டும்போது, முதல் சுற்றில் 0.8 வோல்ட் பக்கம் நைட்ரைட்டின் மின்னோட்ட உச்சம் அழகாக வருகிறது. பத்தாவது சுற்றில் பாதிகூட இல்லை. கிராஃபீன் சரியில்லையா?

பொள்ளாச்சி அக்கா:
கிராஃபீனைச் சந்தேகிக்காதே அம்மிணி. துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். 4இல் உன் சென்சாரே கரைந்து போகிறது. கிராஃபீன் சேர்க்காத துத்தநாக ஆக்சைடுப் பொடியில் ஒரு சிட்டிகையை அதே பஃபரில் போட்டுக் கலக்கிப் பார், கலங்கல் தெளிந்துவிடும். ஆக்சைடு போய்விட்டால் கிராஃபீன் தாள்களுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பிடிக்க ஒன்றும் இருக்காது, மறுபடி ஒட்டிக்கொள்ளும். நைட்ரைட்டும் அமிலத்தில் நைட்ரஸ் அமிலமாகிச் சிதையும். பாஸ்பேட் பஃபர், பி.எச். 7க்கு மாறு. அமிலம்தான் வேண்டுமென்றால் டைட்டானியம் டையாக்சைடு தாங்கும்.

இன்னொன்று, நாஃபியானை ஏன் பூசினாய்? அதில் இருப்பது சல்ஃபோனேட், எதிர்மின்சுமை. நைட்ரைட்டும் எதிர்மின் அயனி. நீ தேடுவதை நீயே வாசலில் நிறுத்துகிறாய். நேர்மின்சுமை உள்ள டோபமைனுக்கு நல்லது என்று படித்துவிட்டு எல்லாரும் எல்லாவற்றுக்கும் பூசுகிறார்கள்.

வாளையாறு:
சொட்டை எங்கே காய வைக்கிறீர்கள்? நம் கணவாய்க் காற்றில் ஜன்னலோரம் வைத்தால் ஓரத்தில் வளையமாகத் திரண்டுவிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. பீக்கர் கவிழ்த்து மெதுவாகக் காய விடுங்கள். பூசும் முன் மின்முனையை 0.05 மைக்ரான் அலுமினாவில் தேய்த்து, அது சுத்தமா என்று ஃபெர்ரிசயனைடு கரைசலில் ஓட்டிப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வரும் இரண்டு உச்சத்துக்கும் இடைவெளி 80 மில்லிவோல்ட்டுக்குள் வராவிட்டால் மேலே போக வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறைப் பெண்:
அக்கா, பொடி போட்டுப் பார்த்தேன், தெளிந்தேவிட்டது! பி.எச். 7, நாஃபியான் இல்லாமல், பீக்கருக்குள் காய வைத்தது: இருபது சுற்று ஓட்டியும் உச்சம் நிற்கிறது. நாளை கிணற்று நீரை எடுக்கிறேன். தெரிந்த அளவு நைட்ரைட்டை அதிலேயே படிப்படியாகச் சேர்த்து அளப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். பாட்டியின் குடத்திலிருந்தும் தனியாக ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.