எச்.டி. ஒளிபரப்புக்கு எதை மாற்ற வேண்டும்: டிஷ்ஷையா, எல்.என்.பி.யையா, பெட்டியையா?

மாடிவாசி (கேள்வி):

வணக்கம். பழைய தொலைக்காட்சி பழுதாகிவிட்டதால், சென்ற மாதம் 1920×1080 புள்ளிகள் கொண்ட 43 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை வாங்கினோம். மாடியில் எட்டு ஆண்டுகளாக நிற்கும் 60 செ.மீ. டிஷ்ஷும் அதே காலத்துச் செட்டாப் பெட்டியும் அப்படியே இருக்கின்றன. பெட்டியிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட வடத்தின் வழியாகத்தான் படம் வருகிறது. பழைய திரையில் கண்ணுக்குப் படாத மங்கல் புதிய திரையில் நன்றாகவே உறுத்துகிறது. கீழே ஓடும் செய்தி வரியின் எழுத்துகள் ஓரங்களில் பிசிறடிக்கின்றன, ஆட்டத்தில் பந்து வேகமாகப் போகும்போது படம் கட்டங்கட்டமாக உடைகிறது.

கடையில் விசாரித்தபோது, எச்.டி. எனும் உயர்தெளிவுப் படத்துக்கு “எச்.டி. டிஷ்”, டிஷ்ஷின் முன்னால் நிற்கும் அலைவாங்கியான “எச்.டி. எல்.என்.பி.” என்று எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்றார்கள். இன்னொருவர், டிஷ்ஷே வேண்டாம், “எச்.டி. ஆன்டெனா” ஒன்றைச் சன்னலோரம் வைத்தாலே போதும் என்கிறார். கட்டணமில்லாத அலைவரிசைகளே எங்களுக்குப் போதுமானவை. டிஷ்ஷிலிருந்து பெட்டி வரை ஏறத்தாழ 30 மீட்டர் கேபிள் இருக்கிறது, நடுவே இரண்டு இணைப்புகள் உண்டு. உண்மையில் எதை மாற்ற வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சுழல்கிண்ணம்:

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: டிஷ்ஷுக்கு எச்.டி. என்றால் என்னவென்றே தெரியாது. 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் நுண்ணலைகளை ஒரு புள்ளியில் குவிப்பதோடு அதன் வேலை முடிகிறது. அந்தப் புள்ளியில் இருக்கும் எல்.என்.பி., அலைகளைப் பெருக்கி, கேபிளில் செல்லக்கூடிய 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணுக்கு இறக்கி அனுப்புகிறது. அதில் பயணிப்பது பழைய தரப் படமா, எச்.டி. படமா என்ற வேறுபாடு இந்த இரண்டுக்கும் கிடையாது. உங்கள் எல்.என்.பி.யின் மேல் 9.75 மற்றும் 10.6 கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தால், அது 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரை முழுவதையும் வாங்கும் பொது வகை. பழுதில்லாதவரை மாற்றவே தேவையில்லை.

வேறுபாடு பெட்டியில்தான் இருக்கிறது. பழைய பெட்டிகள் பெரும்பாலும் டி.வி.பி.-எஸ் என்ற முதல் தலைமுறை முறையையும் எம்பெக்-2 சுருக்க முறையையும் மட்டுமே அறிந்தவை. 2005-இல் வெளியான டி.வி.பி.-எஸ்2 முறை, அதே அதிர்வெண் அகலத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதல் தரவை ஏற்றக்கூடியது என்பதால், எச்.டி. ஒளிபரப்புகள் பெரும்பாலும் அதற்கும் எச்.264 சுருக்க முறைக்கும் மாறிவிட்டன. சில இடங்களில் இன்னும் கூடுதலாகச் சுருக்கும் எச்.இ.வி.சி. முறையும் வந்துவிட்டது. பழைய பெட்டியில் எஸ்2 டிரான்ஸ்பாண்டர் (பல அலைவரிசைகளைச் சேர்த்து அனுப்பும் செயற்கைக்கோள் அலைபரப்பி) ஒன்றைத் தேடிப் பாருங்கள்: திரையில் அலையின் வலிமைக் கோடு நிறைந்து நிற்கும், தரக் கோடு மட்டும் சுழியத்தை விட்டு எழாது. அலை வந்து சேர்கிறது, பெட்டிக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. இதைப் பார்த்துவிட்டு டிஷ்ஷைக் குறை சொல்லி மாற்றியவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன்.

ஆகவே பெட்டி வாங்கும்போது எஸ்2, எச்.264, எச்.இ.வி.சி. மூன்றும் உண்டா என்று அட்டையில் பாருங்கள். அதற்கும் முன்னால், உங்கள் புதிய தொலைக்காட்சியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மரை திருகும் வகை வாய் ஒன்று இருந்து, அதனருகே செயற்கைக்கோள் என்று குறித்திருந்தால், அலையைத் தேர்ந்து படிக்கும் ட்யூனர் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். கட்டணமில்லா அலைவரிசைகளுக்குத் தனிப் பெட்டியே வேண்டியிருக்காது. கட்டணச் சேவை என்றால் கதை வேறு. அங்கே பூட்டைத் திறக்கும் அட்டையும் பெட்டியும் அந்தச் சேவையாளர் தருவதாகவே இருக்க வேண்டும்.

அந்த மஞ்சள் முனை வடத்தையும் இன்றே கழற்றிவிடுங்கள். அதன் வழியே எச்.டி. படம் செல்லவே முடியாது. 720×576 புள்ளிகளாக வரும் படத்தை ஐந்து மடங்கு புள்ளிகள் கொண்ட திரை முழுக்க இழுத்து நிரப்பும்போது எழுத்துகள் பிசிறடிக்காமல் என்ன செய்யும்? எந்தப் பெட்டியானாலும் எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்து, அமைப்புப் பட்டியலில் வெளியீடு 1080 என்று இருக்கிறதா எனச் சரிபார்க்க வேண்டும். நல்ல பெட்டியை வாங்கிவிட்டு, அதன் வெளியீடு 576-இலேயே நிற்பதை ஆண்டுக்கணக்கில் கவனிக்காதவர்களும் உண்டு.

செப்புக்கம்பி:

சுழல்கிண்ணம் சொன்னவற்றை அப்படியே ஏற்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் என் கண் போய் நின்ற இடம், “நடுவே இரண்டு இணைப்புகள்” என்ற சொற்கள்தான்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பாதி அலைவரிசைகள் மட்டும் வந்தன, மீதிப் பாதி அடியோடு இல்லை. எல்.என்.பி.யை இரண்டு முறை மாற்றினோம், பயன் இல்லை. பட்டியலை உட்கார்ந்து பார்த்தபோதுதான், வராதவை அனைத்தும் கிடைமட்ட முனைவாக்கத்தில், அதாவது அலை கிடையாக அதிரும் வகையில், இருப்பவை என்று புரிந்தது. பெட்டி கேபிள் வழியே 13 வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. செங்குத்து அலைகளை வாங்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலைகளுக்கு மாறும். அதே கேபிளில் 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைச் சேர்த்து அனுப்பினால் மேல் அதிர்வெண் பகுதிக்குத் தாவும். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், எல்.என்.பி. இணைந்திருக்கும் நிலையிலேயே அளந்தேன். பெட்டியருகே 18 வோல்ட் இருந்தது, மேலே வந்து சேர்ந்தது 14-தான். நடு இணைப்பைத் திருகிக் கழற்றியபோது உள்ளேயிருந்து நீர் சொட்டியது. சுற்று வலை பச்சை பூத்து, விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்தக் கேபிளின் நடுக்கம்பியைக் காந்தம் பிடித்து இழுத்தது, அதாவது எஃகுக் கம்பிக்குச் செம்புப் பூச்சு மட்டும் கொடுத்திருந்தார்கள். உயர் அதிர்வெண் அலை கம்பியின் மேற்பரப்பிலேயே ஓடுவதால் அலைக்கு அது பெரிய குறையல்ல, எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரத்துக்கோ எஃகின் தடை சுமைதான்.

இணைப்பே இல்லாத, நடுக்கம்பி முழுச் செம்பான, 75 ஓம் ஆர்.ஜி.-6 கேபிளை ஒரே நீளமாக இழுத்துவிடுங்கள். முனைகளுக்குத் திருகு வகையைவிட அழுத்திப் பொருத்தும் வகை நல்லது. டிஷ்ஷில் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவாகத் தொங்கவிட்டால், மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிப் போய்விடும், முனைக்குள் ஏறாது. பெட்டி வாங்கும் செலவுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

அலைநீளம்:

தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பை வாங்கும் ஆன்டெனாவைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். “எச்.டி. ஆன்டெனா” என்ற பெயருக்கும் “எச்.டி. டிஷ்” என்ற பெயருக்கும் அதே நிலைமைதான். ஆன்டெனாவுக்குத் தெரிந்தது அதிர்வெண் ஒன்றே. 600 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 செ.மீ., அதில் பாதியான 25 செ.மீ. அளவில் கம்பி இருந்தால் அது நன்றாக வாங்கும். அதனால் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, இத்தகைய அதிர்வெண்களுக்கான யு.எச்.எஃப். ஆன்டெனா ஒன்று மாடியில் வளையாமல் நின்றால், அதுவே எச்.டி. ஒளிபரப்பையும் வாங்கித் தரும். உங்கள் கோபுரம் இதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட வி.எச்.எஃப். அலையில் ஒளிபரப்புகிறது என்றால் மட்டும், நீண்ட கம்பிகள் கொண்ட ஆன்டெனா தேவைப்படும். சன்னலில் ஒட்டும் தாள் போன்ற ஆன்டெனாக்கள் அங்கே பெரும்பாலும் கைவிட்டுவிடும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது முறை. தரைவழி ஒளிபரப்புக்கு டி.வி.பி.-டி2, ஏ.டி.எஸ்.சி., ஐ.எஸ்.டி.பி.-டி என்று நாட்டுக்கு நாடு வெவ்வேறு முறைகள் உண்டு. உங்கள் பகுதியில் எது நடப்பிலிருக்கிறதோ அதற்கான ட்யூனர் தொலைக்காட்சியில் இல்லையென்றால், எவ்வளவு நல்ல ஆன்டெனாவாலும் பயனில்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தால் சன்னலோர ஆன்டெனா போதும். நடுவே கட்டடங்கள் மறைத்தால், மாடியில், ஒரு தண்டில் பல குறுக்குக் கம்பிகள் கொண்ட யாகி ஆன்டெனாவைக் கோபுரத்தை நோக்கி நிறுத்துவதே வழி. அதன் கம்பிகள் கிடைமட்டமாக இருக்க வேண்டுமா, செங்குத்தாகவா என்பதைக் கோபுரத்தின் முனைவாக்கம்தான் முடிவு செய்யும். அக்கம்பக்கத்து ஆன்டெனாக்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெருக்கி வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பெருக்கி அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. அதைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்தால், கேபிளில் ஏற்கெனவே இழந்தது திரும்ப வராது. ஆன்டெனாவுக்கு அருகில், கம்பத்திலேயே வைத்தால்தான் நீண்ட கேபிளின் இழப்பை ஈடுகட்டும். கோபுரம் அருகிலிருக்கும்போது பெருக்கி போட்டால் ட்யூனர் திணறி, வந்துகொண்டிருந்த படமும் போய்விடும்.

மாடிவாசி:

மூவருக்கும் நன்றி. தொலைக்காட்சியின் பின்புறம் திருகு வகை வாய் இருக்கிறது, கையேட்டில் டி.வி.பி.-எஸ்2 என்றும் போட்டிருக்கிறது. கேபிளை நேராக அதில் செருகித் தேடியபோது, பழைய டிஷ்ஷிலேயே எச்.டி. அலைவரிசைகள் வந்துவிட்டன. செய்தி வரியின் எழுத்துகள் இப்போது கோடு கிழித்தாற்போல் நிற்கின்றன. கேபிளைப் புதிதாக ஒரே நீளமாக இழுத்தபின், தரக் கோடு 48-இலிருந்து 61-க்கு ஏறியது. ஒரு டிரான்ஸ்பாண்டர் மட்டும் தொல்லை தருகிறது: அதில் 8பி.எஸ்.கே., 3/4 என்று காட்டுகிறது, வெயிலில் நன்றாக இருந்து, மேகம் திரண்டு மழை தொடங்கியதும் முதலில் அதுதான் உறைந்து போகிறது. 90 செ.மீ. டிஷ் வாங்கினால் தீருமா?

சுழல்கிண்ணம்:

தீரும். ஆனால் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 8பி.எஸ்.கே., கியூ.பி.எஸ்.கே. என்பவை அலையில் தரவை ஏற்றும் முறைகள், 3/4 என்பது அதில் பிழை திருத்தத்துக்குப் போக மீதமுள்ள பங்கு. எஸ்2 முறையில் கியூ.பி.எஸ்.கே. 3/4 ஒளிபரப்புக்கு ஏறத்தாழ 4 டெசிபல் அலை-இரைச்சல் விகிதம் போதும், 8பி.எஸ்.கே. 3/4-க்கு ஏறத்தாழ 8 வேண்டும். டிஜிட்டலில் பழைய அனலாக் போல மெல்ல மெல்லப் புள்ளிகள் கூடுவதில்லை, அந்த வரம்புக்குக் கீழே இறங்கிய கணமே படம் நின்றுவிடும். மற்றவை மழையில் தாக்குப்பிடிக்கும்போது இது மட்டும் விழுவதற்குக் காரணம் அதுதான். 90 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு 60 செ.மீ. டிஷ்ஷைப்போல் 2.25 மடங்கு, கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 3.5 டெசிபல், அதாவது அந்த இடைவெளியைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடும்.

இருந்தாலும் எட்டு ஆண்டுகள் காற்றில் நின்ற டிஷ் சரியான திசையில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் விளிம்பு ஒரு செ.மீ. நகர்ந்தாலே திசை ஒன்று முதல் இரண்டு பாகை வரை மாறிவிடும். அதன் முழுக் கற்றையின் அகலமே மூன்று பாகைதான். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதே தொல்லை தரும் டிரான்ஸ்பாண்டரைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒருவர் கீழே தரக் கோட்டின் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் மாடியில் மரையைச் சற்றே தளர்த்தி, இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் மிக மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். வலிமைக் கோட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம், தரக் கோடு ஒன்றையே நம்புங்கள். அதன் பிறகு எல்.என்.பி.யை அதன் பிடியில் சில பாகை சுழற்றிப் பாருங்கள். முனைவாக்கச் சாய்வு சரியாகப் பொருந்தினால் இன்னும் சில எண்கள் ஏறும். மரையை இறுக்கும்போதே டிஷ் சற்று நகர்ந்துவிடும் என்பதால், இரண்டு பக்க மரைகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, கடைசித் திருகலுக்குப் பிறகும் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகும் மழையில் விழுந்தால் 90 செ.மீ. வாங்குங்கள். அப்போது காற்று தள்ளும் விசையும் அதே 2.25 மடங்காகும், பழைய தாங்கியையும் அதன் போல்ட்டுகளையும் நம்பி அதில் மாட்டிவிட வேண்டாம்.

மாடிவாசி:

நேற்று மாலை அப்படியே செய்தோம். டிஷ் சற்றுக் கீழே தாழ்ந்திருந்தது. விளிம்பில் அரை விரல் அகலம்தான் உயர்த்தினேன். எல்.என்.பி.யையும் சுழற்றிய பின் அந்த டிரான்ஸ்பாண்டரின் எண் 61-இலிருந்து 70-க்கு வந்திருக்கிறது. ஒரு நல்ல மழை பெய்து முடிந்தபின் மறுபடியும் எழுதுகிறேன்.