அங்ககக் கரிம வரைபடம் வயலோடு ஒத்துப்போகவில்லை, எங்கே பிழை?

கேள்வி:
வணக்கம். எட்டு வயல்களில் 0–15 செ.மீ. ஆழத்தில் 64 மண் மாதிரிகள் எடுத்தேன். வாக்லி-பிளாக் என்ற ஆய்வக வேதிமுறையில் அங்ககக் கரிமம் (மட்கிய பொருட்களில் உள்ள கார்பன்) 0.4 முதல் 1.1 சதவீதம் வரை வந்தது. வரைபடம் தயாரிக்க, சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் 2020 முதல் 2023 வரை என்டிவிஐ (பசுமையைக் காட்டும் குறியீடு) 0.25க்குக் கீழே இருந்த, அதாவது வெறும் மண் தெரிந்த நாட்களை மட்டும் எடுத்து, பட்டைகளின் (ஒளி அலைநீளப் பிரிவுகளின்) சராசரியை ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கணிப்பு முறைக்குக் கொடுத்தேன். சோதனையில் கணிப்பின் பொருத்தத்தைக் காட்டும் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.78. ஆனால் வரைபடம் மூன்றாவது வயலின் தாழ்ந்த மூலை முழுக்க 1 சதவீதம் என்று காட்டுகிறது. நேரில் போய் அங்கே மூன்று இடத்தில் மண் எடுத்துக் கொடுத்தேன், எதுவும் 0.5ஐத் தாண்டவில்லை. இரண்டு வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், உதவுங்கள்.

பதில் 1:
தாழ்ந்த மூலை என்றதும் ஈரம்தான் தோன்றுகிறது. ஒரு கைப்பிடி உலர்ந்த மண்ணை எடுத்துப் பாதியில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உடனே கறுத்துவிடும். கரிமமும் மண்ணைக் கருமையாக்கும், ஈரமும் ஆக்கும். உங்கள் ரேண்டம் ஃபாரஸ்டுக்கு வித்தியாசம் தெரியாது. மழைக்கும் பாசனத்துக்கும் அடுத்த சில நாட்களின் படங்களை விட்டுவிடுங்கள். அறுவடைக்குப் பின் நிற்கும் காய்ந்த தாளும் பச்சையாக இல்லாததால் என்டிவிஐயில் தப்பிவிடும். குற்றலை அகச்சிவப்புப் பட்டைகளான 11, 12 இரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். ஈரமோ தாளோ இருந்தால் இந்த எண் ஏறும். 0.075க்கு மேல் வருவதை நீக்கித் தொடங்கலாம். வரம்பை உங்கள் மண்ணுக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

பதில் 2:
எனக்கு உறுத்துவது 2020–2023 என்ற கால அளவு. 2022 ஜனவரி 25 முதல் வரும் படங்களில் பட்டை எண்களோடு 1000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்த பிறகுதான் 10000ஆல் வகுக்க வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: சிவப்பு 0.10, அண்மை அகச்சிவப்பு 0.20 என்றால் என்டிவிஐ 0.33, அது இளம்பயிர். அதுவே 1000 கூடி (வகுத்தால் 0.10) 0.20, 0.30 என்று ஆனால் 0.20தான் வரும். பயிர் நிற்கும் நிலம் வெறும் மண்ணாக உள்ளே நுழைந்துவிடும். கூகுளின் எர்த் எஞ்சின் தளத்தில் ‘ஹார்மனைஸ்டு’ என்ற படத் தொகுப்பை எடுத்தால் இதைச் சரிசெய்தே தருவார்கள்.

அப்புறம் அந்த 0.78ஐ நம்பாதீர்கள். புள்ளிகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு வயலை முழுதாக ஒதுக்கிவைத்துச் சோதியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. 1000ஐக் கழிக்கவே இல்லை! அதைச் சரிசெய்து ஈரமான நாட்களையும் நீக்கியதும் அந்த மூலை 0.6க்கு இறங்கிவிட்டது. வயல்வாரியாகச் சோதித்தால் ஆர் ஸ்கொயர் 0.41தான், ஆனால் எட்டில் ஆறு வயல்களின் வரைபடம் நேரில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. மற்ற இரண்டும் செம்மண்.

பதில் 2:
செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறத்தை மாற்றிவிடும், கரிமமும் குறைவு என்றால் இன்னும் சிரமம். அந்த இரண்டிலும் கூடுதலாக மாதிரி எடுத்துத் தனியாக ஓட்டிப் பாருங்கள்.