இரத்தமேற்றல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு: உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

காலிங்கராயன்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஓர் இரத்த மையத்தின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்திருக்கிறேன். எங்கள் மையத்துக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை தவறாமல் இரத்தம் ஏற்றிக்கொள்ள வரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ள குழந்தைகளில் சிலருக்கு, ஆண்டுகள் செல்லச் செல்லப் பொருத்தமான இரத்தம் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போகிறது. முன்பெல்லாம் எடுத்த முதல் பையே பொருந்திய குழந்தைக்கு, இப்போது பல பைகளைக் கிராஸ் மேட்ச், அதாவது பொருத்தச் சோதனை, செய்து பார்த்த பிறகுதான் ஒன்று பொருந்துகிறது. அந்தக் குழந்தைகளின் உடலில், ஏற்றிய இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்கும் எந்தெந்த எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கின்றன, அவை ஏன் சிலருக்கு மட்டும் உருவாகின்றன, தொடக்கத்திலேயே கூடுதலாகப் பொருத்தம் பார்த்திருந்தால் இதைத் தவிர்த்திருக்க முடியுமா என்பதையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இணையத்தில் தேடினால் கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளில் இரத்தச் சேவை அமைப்புகளே இத்துறைக்கெனத் தனி ஆய்வு உதவித்தொகை வழங்குவது தெரிகிறது. நம் நாட்டில் அப்படி ஏதேனும் உண்டா? மருத்துவர் அல்லாத என்னைப் போன்றவர்கள் விண்ணப்பிக்க இயலுமா? வேலையை விடாமல் செய்ய வழியுண்டா? கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்திலேயே பதிவு செய்ய முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

மருதமலை அடிவாரம் எழுதியது:

அம்மணி, உங்கள் கேள்வியைப் படித்ததில் மிகுந்த மகிழ்ச்சி. இத்துறையில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பணத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, ஆய்வாளராகிய நீங்கள் மாதந்தோறும் பெறும் உதவித்தொகை. மற்றொன்று, ஆய்வை நடத்துவதற்கான செலவு. இவ்விரண்டும் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. இரத்தமேற்றல் அறிவியல் என்ற தனித் தலைப்பில் நம் நாட்டில் உதவித்தொகையைத் தேடிக்கொண்டிருந்தால் காலம்தான் கழியும். எம்.எஸ்சி. படித்தவர்களுக்கு உரிய பெருவழி, சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வின் உயிர் அறிவியல் பாடம். அதோடு உயிரித் தொழில்நுட்பத் துறை தன் தகுதித் தேர்வின் வழியாக வழங்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகையும் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உயர்வின்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலைக்கு உயர்ந்த பிறகு 42,000 ரூபாயும், விதிப்படியான வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். தேர்வுக்கு வயது வரம்பு உண்டு என்றாலும் பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு இருக்கிறது. தேர்ச்சி பெற்றவர் இரத்தக் குழு எதிர்ப்பொருள்களை ஆராய்வதை எந்த விதியும் தடுப்பதில்லை. தலைப்பைத் தீர்மானிப்பவர்கள் நீங்களும் உங்கள் நெறியாளருமே.

ஆய்வுச் செலவுதான் உண்மையான இடர். நெட் வழி உதவித்தொகையோடு வரும் ஆண்டுச் செலவுத்தொகை, புத்தகத்துக்கும் பயணத்துக்கும் சில்லறை வேதிப்பொருள்களுக்கும் போதுமே தவிர, எதிர்ப்பொருளை இனங்காணும் செல் பேனல்களை, அதாவது குழு அறியப்பட்ட சிவப்பணுக்களின் தொகுப்புகளை, வாங்கக் காணாது. அவை சில வாரங்களிலேயே காலாவதியாகிவிடுவதால் ஆய்வு முடியும்வரை திரும்பத் திரும்ப வாங்க வேண்டும் என்பதை நீங்களே அறிவீர்கள். எனவே நெறியாளர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திடம், அதாவது ஐ.சி.எம்.ஆரிடம், வெளி ஆய்வுத் திட்ட நிதி பெற்றிருப்பவராகவோ பெறக்கூடியவராகவோ இருப்பது அவசியம். அக்கழகத்தின் சிறு நல்கையே 2 கோடி ரூபாய் வரை வழங்கக்கூடியது. ஆனால் நிறுவனம் ஒன்றில் நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் அதன் முதன்மை ஆய்வாளராக இருக்க முடியும். உங்கள் கேள்வி வலுவாக இருந்தால், அதை முன்வைத்து விண்ணப்பிக்க முன்வரும் நெறியாளர் கட்டாயம் கிடைப்பார்.

உங்கள் கேள்வி வலுவானதுதான். நம் மையங்களில் வழக்கமாகப் பார்க்கப்படுவது ஏ, பி, ஓ பிரிவும் ஆர்எச் டி காரணியும் மட்டுமே. வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு ஆர்எச் தொகுதியின் பிற காரணிகளான பெரிய சி, சிறிய சி, பெரிய இ, சிறிய இ ஆகியவற்றையும், கெல் என்ற மற்றோர் இரத்தக் குழுத் தொகுதியையும் முதல் பை ஏறுவதற்கு முன்பே பார்த்துப் பதிவு செய்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பார்த்தால் கொடையாளரின் சிவப்பணுக்கள் கலந்திருக்கும். சோதனை முடிவை நம்ப முடியாது. அப்படித் தவறவிட்ட குழந்தைகளுக்கு வெள்ளணுக்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து மரபணு வழியாக இரத்தக் குழுவை அறியலாம். உங்கள் ஆய்வு மருத்துவமனைப் படுக்கையையும் மூலக்கூறு ஆய்வகத்தையும் இணைக்கக்கூடியது என்பதற்கு இதுவே போதிய சான்று. உயிர்வேதியியல் படித்த உங்களுக்கு மருத்துவர் இல்லை என்ற தயக்கமே வேண்டாம்.

பதிவைப் பொறுத்தவரை, ஈரோடு மாவட்டம் பாரதியார் பல்கலைக்கழக எல்லைக்குள் வருகிறது. அங்கே மனித மரபியல் மற்றும் மூலக்கூறு உயிரியல் துறை இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் என்றால் பெரியார் பல்கலைக்கழகம். மருத்துவக் கல்லூரிகளின் வழியாகச் செல்வதானால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், அங்கு இரத்தமேற்றல் மருத்துவத்துக்கெனத் தனித் துறையே உண்டு. என் கருத்தில், பல்கலைக்கழகத் துறையிலிருந்து ஒருவரை நெறியாளராகவும், இரத்தமேற்றல் மருத்துவத்தில் எம்.டி. முடித்த ஒருவரை இணை நெறியாளராகவும் அமைத்துக்கொள்வதே சிறந்தது.

நாமக்கல்லார் எழுதியது:

பேராசிரியர் ஐயா சொன்னவற்றோடு, மும்பையில் ஆய்வு மாணவனாக இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

இத்துறையில் முழுமூச்சாக இறங்க விரும்புகிறவர்கள் மும்பை பரேலில், கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் தேசிய நோயெதிர்ப்பு இரத்தவியல் நிறுவனத்தை மனத்தில் கொள்ள வேண்டும். 1952ஆம் ஆண்டு பெண்டேயும் அவருடைய சக ஆய்வாளர்களும் பம்பாய் இரத்தக் குழு என்ற அரிய குழுவை உலகுக்கு அறிவித்த நகரம் இது. அதன்பின் 1957இல் இரத்தக் குழு ஒப்பீட்டு மையமாக ஐ.சி.எம்.ஆர். தொடங்கியதே இன்று அந்நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. ஐஎன்-ஏ என்ற இரத்தக் குழுக் காரணியை 1970களில் இந்தியரிடம் கண்டறிந்து, அதன் வழியாக 'இந்தியன்' என்ற பெயரிலேயே ஒரு இரத்தக் குழுத் தொகுதி உலகப் பட்டியலில் இடம்பெறக் காரணமானதும் மும்பையில் நடந்த ஆய்வுதான். வீட்டை விட்டு இவ்வளவு தொலைவு வர இயலாவிட்டாலும், அரிய எதிர்ப்பொருள் தென்பட்டால் மாதிரியை ஒப்பிட்டு உறுதிப்படுத்திக்கொள்ள இந்நிறுவனத்தோடு தொடர்பு வைத்துக்கொள்வது உங்கள் ஆய்வுக்கு வலு சேர்க்கும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். திட்டத்தில் இளநிலை ஆய்வாளராக நியமிக்கப்படுவது வேறு. உங்கள் பெயரிலேயே உதவித்தொகை பெறுவது வேறு. இரண்டிலும் மாதத் தொகை ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் திட்டம் முடிந்தால் முதலாவது முடிந்துவிடும். மூன்றாண்டுத் திட்டத்தை நம்பித் தொடங்கிய முனைவர் பட்டம் நான்காம் ஆண்டில் ஊதியமின்றி நிற்பதை என் நண்பர்களிடம் பார்த்து வருந்தியிருக்கிறேன். உங்கள் பெயரில் பெற்றது ஐந்தாண்டுகள் வரை உங்களோடு வரும். ஆகவே திட்ட வேலை முதலில் கிடைத்தாலும் நெட் தேர்வை எழுதிக்கொண்டே இருங்கள். 2024 முதல் அத்தேர்வில் உதவித்தொகைக்குத் தகுதி பெறாதவர்களும் முனைவர் பட்டச் சேர்க்கைக்குத் தகுதி பெற வழி செய்திருக்கிறார்கள்.

உதவித்தொகை கிடைத்த பிறகும் அது மாதம் தவறாமல் கணக்கில் வந்து சேரும் என்று எண்ணிவிடக் கூடாது. தாள்கள் ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்கு நகரும் காலமெல்லாம் வாடகை காத்திருக்காது. சில மாதச் செலவுக்கான சேமிப்போடு தொடங்குவது நல்லது. வசதி குறைந்த வீட்டிலிருந்து வருகிறவர்களை இத்தாமதம் ஆய்விலிருந்தே விரட்டிவிடுகிறது என்பது எனக்கு ஆறாத வேதனை.

காலிங்கராயன்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேலையை விடுவதில்தான் தயக்கம். வீட்டுக் கடன் இருக்கிறது. பகுதி நேரமாகச் செய்தால் உதவித்தொகை கிடைக்காது என்று நினைக்கிறேன். அப்படியானால் பகுதி நேரத்தில் செய்வது பயனற்றதா?

கோத்தகிரி மருத்துவர் எழுதியது:

பயனற்றது அல்ல, சகோதரி. முழுநேர உதவித்தொகை பெறுகிறவர் வேறு ஊதியம் பெறக் கூடாது என்பது விதி; ஆகவே இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. ஆனால் 2022ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு நெறிமுறைகள், பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று பெற்றுப் பகுதி நேரமாக முனைவர் பட்டம் செய்ய இடமளிக்கின்றன. உங்கள் ஊதியமே உங்கள் உதவித்தொகை என்று கொண்டு, ஆய்வுச் செலவுக்கு மட்டும் நெறியாளரின் திட்டத்தை நாடலாம். இரத்த மையத்திலேயே பணிபுரிவதால் நோயாளிகளின் பழைய பதிவுகளும் புதிய மாதிரிகளும் உங்கள் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் முழுநேர மாணவர் இதைப் பெறவே நெடுநாள் அலைவார். தடையின்மைச் சான்றில் பணி நேரத்தில் ஆய்வுக்கு ஒதுக்கப்படும் நேரத்தையும், பதிவுகளைப் பயன்படுத்தும் அனுமதியையும் வெளிப்படையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதியில் நம்பிக்கை வைத்து ஆய்வைத் தொடங்க வேண்டாம்.

தலைப்பைப் பற்றியும் ஒரு சொல். தலசீமியாவோடு நிறுத்திக்கொள்ளாமல் நீலகிரியில் அரிவாள் செல் நோய் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவம் பெறும் பரம்பரை நோய்) உள்ளவர்களையும் சேர்த்தால் நிதி கிடைக்கும் வாய்ப்பு கூடும் என்று பலரும் உங்களிடம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு 1952இல் லேமானும் கட்புஷும் வெளியிட்ட ஆய்வின் வழியாக முதலில் அறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 2047க்குள் இந்நோயை ஒழிப்பதென்று 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கமும் இத்தலைப்புக்குத் துணை நிற்கும். ஆயினும், நிதிக்காக மட்டும் அம்மக்களைச் சேர்க்காதீர்கள். இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து முடிவைச் சொல்வதில்லை என்ற மனக்குறை மலைக் கிராமங்களில் இருக்கிறது. அதில் நியாயமும் இருக்கிறது. கூடலூரில் அஸ்வினி போன்ற பழங்குடி நல மருத்துவ அமைப்புகள் நெடுங்காலமாக அந்நோயாளிகளோடு நிற்கின்றன. அப்படிப்பட்டவர்களோடு சேர்ந்து, சோதனை முடிவு ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் ஏறும்படி திட்டமிட்டால் மட்டுமே அதைத் தொடுங்கள். எதிர்ப்பொருள் இன்னதென்று அட்டையில் எழுதியிருந்தால், அந்த நோயாளி நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் உயிர் காக்கப்படும். முனைவர் பட்டத்தைவிட எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

செல் பேனல்களின் விலை மிரட்டினால், செலவு குறைந்த வேறொரு கேள்வியும் நம் பகுதியில் கிடக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை நூற்பாலைகளிலும் நடக்கும் முகாம்களுக்கு ஆர்வத்தோடு வரும் பெண்களில் பலர், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இல்லை என்பதால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்களுக்கு அதன்பின் என்ன நடக்கிறது, யாரேனும் மருந்து கொடுக்கிறார்களா, மறுபடியும் அவர்கள் கொடையாளராக வருகிறார்களா என்பதைத் தொடர்ந்து பார்ப்பதற்கு ஒரு பதிவேடும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் போதும். இரத்தமேற்றல் அறிவியல் என்பது கொடையாளரின் நலத்தையும் உள்ளடக்கியதே.

மருதமலை அடிவாரம் எழுதியது:

மருத்துவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பிற நாட்டு உதவித்தொகைகளைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால் அதை மட்டும் சேர்க்கிறேன். கனடிய இரத்தச் சேவை அமைப்பின் மாணவர் உதவித்தொகை அந்நாட்டு ஆய்வகங்களில் பயில்வோருக்கானது. இங்கிருந்தபடி பெற இயலாது. 1935இல் தோன்றிய பன்னாட்டு இரத்தமேற்றல் சங்கம், ஹெரால்டு கன்சன் பெயரில் வழங்கும் உதவி வேறு வகையானது. அது இளம் ஆய்வாளர்கள் சங்கத்தின் மாநாட்டில் தம் ஆய்வை நேரில் வழங்குவதற்கானது. முதல் கட்ட முடிவுகள் கைக்கு வந்தவுடன் ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பி அதற்கு முயலுங்கள். உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து 2008 முதல் நடத்தும் இந்தியா அலையன்ஸ் உதவித்தொகைகளை முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய படியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு ஆய்வகத்தோடு கூட்டுச் சேர்ந்து மாதிரிகளை அனுப்பும் எண்ணம் இருந்தால், நடுவண் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதல் தேவை. அதற்கு ஆகும் காலத்தை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்தின் முன்னுரையில் பயன்படக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கையிலேயே, இரத்தமேற்றல் மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தேசிய, மாநில இரத்தமேற்றல் குழுமங்களிடம் ஒரு மூலநிதி இருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது. இத்துறைக்கெனத் தனிப் பெயரில் ஓர் இளநிலை உதவித்தொகையை அந்நிதியிலிருந்து உருவாக்குவதே முறை என்பது என் உறுதியான எண்ணம். கொள்கை இவ்வாய்வை நாட்டின் தேவையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதை மேற்கோள் காட்டிப் பின்னர் உங்கள் மையத்தின் நிலையை விவரித்தால், நிதிக்குழுவில் இத்துறை சாராதவர்கள் அமர்ந்திருந்தாலும் உங்கள் கேள்வியின் இடம் அவர்களுக்கு விளங்கும்.

இப்போதைக்கு, கடந்த சில ஆண்டுகளில் உங்கள் மையத்துக்குத் தொடர்ந்து வந்த தலசீமியா நோயாளிகளில் எத்தனை பேருக்கு, எதிர்ப்பொருளைக் கண்டறியும் கூம்ப்ஸ் சோதனை நேர்மறையாக இருந்தது, முதல் பைக்கு முன் யாருக்கெல்லாம் விரிவான குழுப் பரிசோதனை நடந்தது என்பதை நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு பதிவேடுகளிலிருந்து தொகுத்து, இரண்டு பக்க அளவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளரைச் சந்திக்கப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்த இரண்டு பக்கங்கள்தான். எழுதிய பிறகு, நோயாளிகளின் அடையாளங்களை நீக்கிவிட்டு இங்கே பதிந்தால், படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்கிறேன்.