Re: ஹெட்வே-க்குத் தமிழ்ச்சொல்: "வண்டியிடை" சரியா வருமா?

> நிகழ்வெண் இருக்கே, மணிக்கு எத்தன பஸ்னு சொன்னா முடிஞ்சுது, ஹெட்வேக்குன்னு தனிச்சொல் எதுக்கு?

ஐயா, ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. நிகழ்வெண்ணுன்னா மணிக்கு எத்தன வண்டிங்கறது, ஹெட்வேன்னா ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல இருக்கற நேரம். சென்னைல பெரம்பூர்-பெசன்ட் நகர் 29சி பஸ் எடுத்துக்கோங்க, பேச்சுக்கு மணிக்கு 6 வண்டின்னு வச்சுப்போம், சரியா 10 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு வந்தா ஸ்டாப்ல நிக்கிறவங்க சராசரியா 5 நிமிஷம் காத்திருக்கணும், அதே 6 வண்டி ரெண்டு ரெண்டா சேந்து 20 நிமிஷத்துக்கு ஒருதடவ வந்தா 10 நிமிஷம். நிகழ்வெண் அப்படியேதான் இருக்கு, வெயில்ல நிக்கிற நேரம் மட்டும் டபுள் ஆயிடுது. இந்த வித்தியாசத்த சொல்ல நம்மகிட்ட சொல் வேணும்.

ஏன் சேந்து வருதுன்னா, முன்னாடி வண்டி டிராஃபிக்ல கொஞ்சம் லேட்டானா அடுத்த ஸ்டாப்ல கூட்டம் சேந்துடும், அத்தன பேர ஏத்துறதுல இன்னும் லேட், பின்னாடி வண்டிக்கு ஆள் கம்மி, அது சீக்கிரம் சீக்கிரமா கிளம்பி முன்னாடி வண்டிய புடிச்சிடும். 1931ல வந்த பீச்-தாம்பரம் கரண்ட் ரயில், 1995ல பறக்கும் ரயில், 2015ல மெட்ரோ, இதுக்கெல்லாம் தனிப்பாதை இருக்கறதால இந்தச் சிக்கல் ரொம்பக் கம்மி. பஸ்சுக்கு அண்ணா சாலையில அந்த வசதி எங்க இருக்கு?

ஷெட்யூல் போடுறதும் ஹெட்வேய வச்சுதான். போய்த் திரும்பி, கடைசி ஸ்டாண்டுல நிக்கிற நேரமும் சேத்து 120 நிமிஷம்னா, 10 நிமிஷத்துக்கு ஒண்ணு விட 12 வண்டி வேணும்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். "இடைவெளி" ரொம்பப் பொது, ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கறதும் இடைவெளிதான். "வரவிடை" நல்லாத்தான் இருக்கு, ஆனா வேகமா படிச்சா "வர விடை"ன்னு பிரியுது, வரவு செலவு ஞாபகமும் வருது. அதனால நான் "வண்டியிடை" பக்கம். எட்டு மணி வண்டின்னா நம்மூர்ல ரயிலும்தான், பஸ்சும்தான், ரெண்டுக்கும் பொருந்தும். ரயில்ல பின்னாடி வர்ற வண்டி பிரேக் போட்டு நிக்கிற தூரத்தையும் பாத்துதான் சிக்னல் அமைக்கறாங்க, அப்ப வண்டியிடை நேரம், வண்டியிடைத் தூரம்னு ரெண்டையும் ஒரே வேர்ல இருந்து எடுத்துக்கலாம்.

ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க, "காலை நேர வண்டியிடை 8 நிமிடம்"னு ஒரு போர்டுல எழுதுற மாதிரி எழுதிப் பாத்துட்டு சொன்னா இன்னும் நல்லது.