இரண்டு பிரைவேட் ரெப்போ, ஒரே பில்ட்: எஸ்எஸ்ஹெச் கீ எப்படிக் கொடுக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்களுடையது சின்ன டீம். எங்கள் பைத்தான் ப்ராஜெக்ட்டுக்கு இரண்டு லைப்ரரிகள் கிட்ஹப் பிரைவேட் ரெப்போக்களிலிருந்து வர வேண்டும். லேப்டாப்பில் பிப் இன்ஸ்டால் ஒழுங்காக ஓடுகிறது. டாக்கர் பில்டிலும் எஸ்எஸ்ஹெச் மவுன்ட் (பில்ட் ஓடும்போது மட்டும் கீயைப் பயன்படுத்த விடும் வழி) கொடுத்ததும் சரியாகிவிட்டது.

சிஐ சர்வரில்தான் (கோடைத் தானாக பில்ட் செய்யும் சர்வர்) சிக்கல். முதல் லைப்ரரி இறங்குகிறது, அடுத்ததில் ‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடுகிறது. ஒரு டிப்ளாய் கீயை (ரெப்போவைத் திறக்க கிட்ஹப்பில் அதற்கென்று சேர்க்கும் எஸ்எஸ்ஹெச் கீ) ஒரு ரெப்போவுக்குத்தான் சேர்க்க முடியும். எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டில் (கீகளை வைத்திருந்து நீட்டும் புரோகிராம்) இரண்டு கீ இருந்தாலும் முதலில் நீட்டிய கீயே கிட்ஹப்பில் ஏற்கப்பட்டு, அடுத்ததற்கு வாய்ப்பே வருவதில்லை.

கீயை டாக்கர் இமேஜுக்குள் காப்பி செய்யும் வழி மட்டும் வேண்டாம். அப்புறம் அழித்தாலும் பழைய லேயரில் அது இருக்கும்.

எஸ்எஸ்ஹெச் கான்ஃபிகில் ஒவ்வொரு ரெப்போவுக்கும் தனி ஹோஸ்ட் பெயர் வைத்து அதனதன் கீயைக் காட்டுவதா, தனியாக ஒரு மெஷின் யூசரா (சர்வருக்கென்றே வைக்கும் கிட்ஹப் கணக்கு)? உங்கள் டீமில் எது நிலைத்து நிற்கிறது? ஆள் மாறும்போது கீ மாற்றுவதும் சுலபமாக இருக்க வேண்டும். கான்ஃபிக் மாதிரி இருந்தால் போடுங்கள், ப்ளீஸ்.