கிரானைட் பிளாக்குகளை டிரெய்லரில் எந்த இடத்தில் வைப்பது? கிரேன் இயக்குபவர் சொல்வது சரியா, ஓட்டுநர் சொல்வது சரியா?

கேள்வி: ஜெகதேவி யார்டு மேற்பார்வையாளர்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஜெகதேவி அருகே உள்ள ஒரு கிரானைட் யார்டில், ஏற்றுமதிக்குச் செல்லும் பிளாக்குகளை வண்டியில் ஏற்றும் பணியை மேற்பார்வை செய்கிறேன். எங்கள் கற்கள் வாணியம்பாடி, வேலூர் வழியாகச் சென்னைத் துறைமுகத்துக்கும், தருமபுரி, தொப்பூர், சேலம் வழியாகத் தூத்துக்குடிக்கும் செல்கின்றன.

இரண்டு அச்சுள்ள இழுவை வண்டியும் மூன்று அச்சுள்ள டிரெய்லரும் இணைந்த வண்டி ஒன்று எங்களுக்கு வருகிறது. ஆர்.சி. புத்தகத்தில் அதன் மொத்த எடை 45.5 டன். காலி எடை 14.7 டன், அதில் முன் அச்சு 4.7, இழுவை வண்டியின் ஹவுசிங் எனப்படும் பின் அச்சு 4.0, டிரெய்லரின் மூன்று அச்சுகளும் சேர்த்து 6.0 டன். டிரெய்லரை இழுவை வண்டியோடு இணைக்கும் ஆணியான கிங்பின்னிலிருந்து டிரெய்லரின் நடு அச்சு 8 மீட்டர் தொலைவில் உள்ளது. தளத்தின் முன்பகுதியில், கிங்பின்னுக்கு 2 மீட்டர் பின்னால், கனமான இரும்புத் தடுப்பு ஒன்று பற்றவைக்கப்பட்டுள்ளது.

ஏற்ற வேண்டியவை இரண்டு கற்கள். ஒன்று 2.8 மீட்டர் நீளம், 18 டன். மற்றொன்று 2 மீட்டர் நீளம், 9 டன். மொத்தம் 41.7 டன்தான் வருகிறது என்பதால் எடையில் சிக்கல் இல்லை என்றே நினைக்கிறோம். பெரிய கல்லை இரும்புத் தடுப்பை ஒட்டி வைத்து, சிறிய கல்லை அதன் பின்னாலேயே வைத்தால் பிரேக் போடும்போது எதுவும் நகராது என்கிறார் கிரேன் இயக்குபவர். அப்படி வைத்தால் ஹவுசிங் தாங்காது, வழியில் அச்சு வாரியாக எடை போட்டால் வண்டி நின்றுவிடும் என்கிறார் ஓட்டுநர். இருவரும் அனுபவசாலிகள். கணக்கு தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஓசூர், டிரெய்லர் கட்டுமானப் பட்டறை

ஓட்டுநர் சொல்வது சரி. மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஓர் அச்சு மட்டும் வரம்பை மீறலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி.யில் மொத்த எடை மட்டும் குறிக்கப்படுவதில்லை. ஒவ்வோர் அச்சுக்கும் உரிய எடையும் சேர்த்தே குறிக்கப்படுகிறது.

மத்திய அரசின் 2018 ஜூலை அறிவிக்கையின்படி இரண்டு டயர் உள்ள முன் அச்சுக்கு 7 டன், நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 11.5 டன், மூன்று அச்சுத் தொகுதிக்கு 27 டன். மூன்றையும் கூட்டினால்தான் உங்கள் 45.5 டன் வருகிறது. அதற்கு முன்பு இவை முறையே 6, 10.2, 24 டன்னாக இருந்தன. ஆகவே பழைய வண்டி வந்தால் அறிவிக்கையைப் பார்க்காமல், அந்த வண்டியின் ஆர்.சி.யில் உள்ள எண்ணைப் பாருங்கள்.

இனிக் கணக்கு. ஒரு கம்பின் நடுவே மூட்டையைக் கட்டி இருவர் தூக்கும்போது, மூட்டை யார் பக்கம் நெருங்குகிறதோ அவர் தோளில் பாரம் கூடும் அல்லவா? இங்கே ஒரு தோள் கிங்பின், மறு தோள் டிரெய்லர் அச்சுத் தொகுதி. ஒவ்வொரு கல்லின் எடையையும், கிங்பின்னிலிருந்து அதன் மையம் இருக்கும் தொலைவையும் பெருக்கிக் கூட்டி, 8 மீட்டரால் வகுத்தால் டிரெய்லர் அச்சுகள் ஏற்கும் பங்கு கிடைக்கும். எஞ்சியது கிங்பின்னில் இறங்கும்.

கிரேன் இயக்குபவர் சொல்வதுபோல் வைத்தால் பெரிய கல்லின் மையம் 3.4 மீட்டரிலும், இடையில் சிறிது இடைவெளி விட்டால் சிறிய கல்லின் மையம் ஏறத்தாழ 6 மீட்டரிலும் வரும். 18ஐ 3.4ஆல் பெருக்கினால் 61.2, 9ஐ 6ஆல் பெருக்கினால் 54, கூட்டி 8ஆல் வகுத்தால் 14.4 டன். எஞ்சிய 12.6 டன் கிங்பின்னில் விழுகிறது. கிங்பின் பொருந்தி உட்காரும் தட்டான டர்ன்டேபிள், ஹவுசிங்குக்குச் சற்று முன்னால் இருப்பதால் கிங்பின் எடையில் எட்டில் ஏழு பங்கு ஹவுசிங்குக்கும், ஒரு பங்கு முன் அச்சுக்கும் போகிறது என்று கொள்ளலாம். உங்கள் வண்டியில் டர்ன்டேபிள் இருக்கும் இடத்தை அளந்து இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன்படி ஹவுசிங்கில் 4 டன்னோடு 11 டன் சேர்ந்து 15 டன் ஆகிறது. வரம்பைவிட 3.5 டன் கூடுதல். அதே நேரத்தில் 27 டன் தாங்கக்கூடிய டிரெய்லர் அச்சுகளில் 20.4 டன்தான் இருக்கிறது. பாரம் கூடவில்லை, இடம்தான் தவறு.

பெரிய கல்லின் மையத்தை 4.5 மீட்டருக்கும், சிறிய கல்லின் மையத்தை 8 மீட்டருக்கும், அதாவது நடு அச்சுக்கு நேர் மேலே, நகர்த்திப் பாருங்கள். 81 கூட்டல் 72, மொத்தம் 153. 8ஆல் வகுத்தால் 19.1 டன். கிங்பின்னில் 7.9. முன் அச்சு 5.7, ஹவுசிங் 10.9, டிரெய்லர் அச்சுகள் 25.1 டன். எல்லாமே வரம்புக்குள் வந்துவிடுகின்றன, ஒவ்வொன்றிலும் சிறிது இடமும் மிச்சமிருக்கிறது.

பெரிய கல்லைத் தடுப்பை ஒட்டியே வைத்து, சிறிய கல்லை மட்டும் 9.6 மீட்டருக்குத் தள்ளினால் என்ன என்று கேட்கலாம். ஹவுசிங் 11.5 டன்னைத் தொட்டு நிற்கும். கல் எடை அரை டன் பிசகினாலும் மீறிவிடும். அத்துடன் 9 டன் கல் அச்சுகளுக்குப் பின்னால் நீட்டிய பகுதியில் உட்காருவதால், பள்ளம் மேடுகளில் சேசிஸ் வளைவதும் கூடும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைச் சரிபார்க்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. எடை மேடையும் அதன் முன்னுள்ள தரையும் சமமாக இருந்தால் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றி ஒரு எடை, பிறகு ஹவுசிங் வரை ஏற்றி ஒரு எடை, கடைசியில் முழு வண்டியும் ஏறிய பின் ஒரு எடை என்று மூன்று முறை எடுத்துக் கழித்தாலே அச்சு வாரியான எடை தெரிந்துவிடும்.

ஜெகதேவி யார்டு மேற்பார்வையாளர்

மிக்க நன்றி. கணக்கு தெளிவாகப் புரிந்தது. ஆனால் கிரேன் இயக்குபவரின் அச்சமும் நியாயமானதாகவே தெரிகிறது. நீங்கள் சொன்ன இடத்தில் வைத்தால் பெரிய கல்லுக்கும் இரும்புத் தடுப்புக்கும் நடுவே 1.1 மீட்டர் வெற்றிடம் வருகிறது. தொப்பூர் இறக்கத்தில் திடீரென்று பிரேக் போட்டால் 18 டன் கல் அந்த இடைவெளியில் ஓடி வந்து மோதாதா? இதுவரை எங்கள் பகுதியில் பலரும் கல்லுக்கு இருபுறமும் மர ஆப்பு அடித்து அனுப்புவதோடு சரி.

பதில் 2: ஓசூர், டிரெய்லர் கட்டுமானப் பட்டறை

அவருடைய அச்சம் முழுக்க நியாயமானது. கல்லைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அதைக் கட்டாமல் அனுப்புவது, ஹவுசிங் எடை மீறுவதைவிடப் பெரிய ஆபத்து. ஆகவே கல்லை வைக்கும் இடத்தையும் அதைக் கட்டும் முறையையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும்.

சரக்கைக் கட்டுவதற்கான ஐரோப்பிய தரவிதியான ஈ.என். 12195, முன்னோக்கிய விசையைச் சரக்கின் எடையில் 80 சதவீதமாகவும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 50 சதவீதமாகவும் கொள்கிறது. நம் சாலைக்கும் இதையே அளவாக வைத்துக்கொள்வது நல்லது. 18 டன் கல்லை முன்னே தள்ளும் விசை 14.4 டன். கல்தூளும் மண்ணும் படிந்த இரும்புத் தளத்தில் உராய்வு எண் 0.3 இருந்தாலே அதிகம்; அது 5.4 டன்னைத்தான் தாங்கும். மீதி 9 டன்னை மர ஆப்பு தாங்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. தளத்தைப் பெருக்கிவிட்டு, கல்லுக்கு அடியில் சறுக்காத ரப்பர் விரிப்பை இட்டால் உராய்வு எண் 0.6 வரை உயரும். அப்போது 10.8 டன் உராய்விலேயே அடங்கிவிடும், மீதி 3.6 டன்தான். பக்கவாட்டு விசையான 9 டன்னும் அந்த உராய்வுக்குள் வந்துவிடுகிறது. விரிப்பின் மேல் மரக்கட்டையை வைத்து அதன் மேல் கல்லை வைத்தால், கட்டைக்கும் கல்லுக்கும் நடுவிலும் விரிப்பு வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் வழுக்கும்.

1.1 மீட்டர் இடைவெளியைக் காலியாக விடாதீர்கள். அந்த நீளத்துக்கு வெட்டிய இரண்டு கனமான ஐ-பீம்களைத் தடுப்புக்கும் கல்லுக்கும் நடுவே கிடத்தி, பக்கவாட்டில் நழுவாதபடி குறுக்குத் தகடால் அவற்றை இணைத்து, கல் தொடும் முனையில் கெட்டியான மரத்துண்டு வைத்தால், பழைய தடுப்பே புதிய இடத்திலும் வேலை செய்யும். இரண்டு கற்களுக்கு இடையேயும் அதே 1.1 மீட்டர்தான் வருகிறது என்பதால் அதே அளவில் இன்னொரு சோடி செய்துகொள்ளலாம். தடுப்பு மேல் தகட்டில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, சேசிஸின் குறுக்குச் சட்டங்களோடு இணைந்திருக்கிறதா என்று அடியில் குனிந்து பார்த்துவிடுங்கள். முதல் வகையாக இருந்தால் அதை நம்பக் கூடாது.

அதற்கு மேல் சங்கிலி. 10 மில்லிமீட்டர், 80ஆம் தரச் சங்கிலியின் கட்டும் திறன் சுமார் 6.3 டன். கல்லின் முன்முகத்தில் சங்கிலியைச் சுற்றி, இருபுறமும் பின்னோக்கிச் சாய்வாக இறக்கித் தளத்தின் கொக்கிகளில் டென்ஷனர் கொண்டு இறுக்குங்கள். பின்முகத்துக்கும் அதேபோல் முன்னோக்கி ஒன்று. கல்லின் கூரான விளிம்பில் சங்கிலி மடங்கும் இடத்தில் விளிம்புக் காப்பு அவசியம். சங்கிலியைக் கல்லின் மேலே குறுக்காகப் போட்டு இறுக்குவது மட்டும் போதாது. அது கல்லைக் கீழே அழுத்துமே தவிர, முன்னே போவதை நேரடியாகத் தடுக்காது.

கல்லை எப்போதும் அகன்ற முகம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். உயரம் குறைந்தால் வளைவுகளில் வண்டி சாய்வதும் குறையும்.

பதில் 3: தூத்துக்குடி வழித்தட ஓட்டுநர், தருமபுரி

மேலே சொன்னது அனைத்தும் சரி. ஓட்டும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

யார்டை விட்டுக் கிளம்பியதும் சில கிலோமீட்டரிலேயே ஓரிடத்தில் நிறுத்திச் சங்கிலிகளை மறுபடி இறுக்க வேண்டும். முதல் குலுக்கலில் கல் மரக்கட்டையில் அழுந்தி உட்காருவதால் சங்கிலி நிச்சயம் தளரும். தருமபுரி தாண்டி, பாளையம் சுங்கச்சாவடிக்கு முன் இன்னொரு முறை பார்த்துவிடுவது என் வழக்கம். தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் திசைதான் தொப்பூரில் இறக்கம் என்பதால், கல் ஏற்றிப் போகும் நாம்தான் பாரத்தோடு இறங்குகிறோம். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கில் (எஞ்சின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக்) வண்டியைப் பிடித்து, கால் பிரேக்கைத் தேவைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். நடு இறக்கத்தில் கியர் மாற்ற முயன்று விழாமல் போனால் வண்டி நியூட்ரலில் ஓடும்; தொடர்ந்து மிதித்துச் சூடேறிய டிரம் அப்போது பிடிக்காது.

யார்டு மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கல் தொங்கிக்கொண்டிருக்கும்போது கட்டை சரிசெய்யச் சொல்லி ஓட்டுநரையோ உதவியாளரையோ தளத்தில் ஏற்றாதீர்கள். கல்லைத் திருப்புவதற்கு ஒரு நீளக் கயிறு கட்டிவிட்டால் தள்ளி நின்றே திருப்பலாம். கட்டைகளை நகர்த்த வேண்டுமானால் கல்லை விலக்கிக் கீழே இறக்கிய பிறகு நகர்த்தலாம். அதற்கு ஆகும் சில நிமிடங்களை எந்த ஓட்டுநரும் குறையாகச் சொல்ல மாட்டார். வண்டியின் பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே ஏற்றத் தொடங்க வேண்டும்.

பதில் 4: கிருஷ்ணகிரி, ஏற்றுமதி ஆவணப் பணி

எடையைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கை. 18 டன் என்ற எண் உங்களுக்கு எடை மேடையிலிருந்து வந்ததா, அளவுச் சீட்டிலிருந்து கணக்கிட்டதா? கிரானைட் ஒரு கன மீட்டருக்கு 2.6 முதல் 2.8 டன் வரை இருக்கும். கருங்கிரானைட் அதையும் தாண்டும். ஆனால் வாங்குபவர் ஒப்புக்கொள்ளும் நிகர அளவில், ஒழுங்கற்ற பக்கங்களுக்காக ஒவ்வொரு முகத்திலும் கழிவு போடுகிறோம். 2.8, 1.6, 1.5 மீட்டர் கொண்ட கல் 6.72 கன மீட்டர், 2.7ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 18 டன். அதே கல்லின் நிகர அளவு 2.65, 1.45, 1.35 என்று சீட்டில் எழுதப்பட்டால் கணக்கில் 14 டன்தான் வரும். கழித்த கல் காகிதத்தில் இல்லையே தவிர, வண்டியின் மேல்தான் இருக்கிறது. ஆகவே ஏற்றும் இடத்தைத் தீர்மானிக்க முழு அளவையே எடுங்கள். இயன்றால் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே எடை போடுங்கள்.

எடை வரம்பை மீறினால் என்ன ஆகும் என்பதையும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கும் செலவும் நம்முடையது, இறக்காமல் வண்டி நகர முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் 9 டன் கல்லை இறக்கக் கிரேன் தேடுவது அபராதத்தைவிடப் பெரிய செலவு. எடை போட மறுத்து ஓட்டினால் 40,000 ரூபாய். ஓட்டியவர் மட்டுமல்லாமல், ஓட்டச் செய்தவரும் அனுமதித்தவரும் அந்தப் பிரிவுக்குள் வருகிறார்கள் என்பதால், யார்டுக்கும் இதில் பொறுப்பு உண்டு.

நடைச்சீட்டில் (கல்லைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிச் சீட்டு) உள்ள வண்டி எண், கல்லின் அளவு, கல்லில் எழுதிய எண், இ-வே பில், எடைச் சீட்டு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பாரத்தைச் சமப்படுத்தக் கடைசி நேரத்தில் ஒரு கல்லை எடுத்துவிட்டு வேறு கல்லை ஏற்றும்போதுதான் இந்தப் பொருத்தம் குலைகிறது. கல் மாறினால் முதலில் காகிதத்தைத் திருத்தி வாங்கிவிட்டு, அதன் பிறகு வண்டியை வாசலுக்கு விடுங்கள்.